சூலையும் உழவாரமும்

சிவமயம்



சித்திரைச் சதயம் திருநாவுக்கரசு சுவாமிகள் சிவபெருமான் திருவடிநீழல் எய்திய திருநாளாம். அந்நாளில் எம்மூரிற் கூடும் சிறியதோர் அவையில் யான் முப்பது யாண்டுகளுக்கு மேலாக நின்று பேசிவந்தேன். இவ்வாண்டு இருந்து பேசினேன். முன்னெல்லாம், நானூற்றின் மேற்பட்ட செய்யுட்களையுடைய அப்புராணத்தைத் திருவாமூரிற் றொடங்கித் திருப்புகலூரிற் கொண்டுபோய் நிறுத்துதற்கு எனக்கு ஒன்றரை மணிப்பொழுது போதும். இம்முறை அவ்வளவு பொழுதும் பேசியும் திலகவதியார் திருமடத்து வாயிலைக் கடந்திலேன். கேட்டிருந்தோர் பொறுமையுடையார். அன்று பேசியதனையும், பேச எண்ணி நாவெழாமையால் விடுத்ததனையும் ஒருங்கே எழுதித் தருகவெனப் பத்திரிகாசிரியர் பணித்தார். யான் மெல்லச் சொல்லச் சொல்ல என் பேர்த்தி எழுதுகின்றாள். இதன்கட் பிழை உளதேல் என்னுடையது. கையெழுத்தின் அழகு அவளுடையது.

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒருநாள் வைகறையிற் பூசைக்கு மலர் கொய்யப் புறப்பட்டேன். கையிலிருந்த பூக்குடலை தானே நழுவி வீழ்ந்தது. குனிந்து எடுக்கப் புகுந்தேனாக, வலக்கை மரம்போற் றொங்கிற்று. மனையாளை அழைக்க வாய் திறந்தேன். வந்தது சொல்லன்று, ஓர் ஓசை. வாயுக்கோளாறென்று கருதி வீட்டார் ஒத்தடம் கொடுத்தும் கஷாயம் காய்ச்சியும் முற்பகலைக் கழித்தனர். பின்னரே மருத்துவமனை சேர்த்தனர். மூளையின் இடப்பாகத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளமொன்றில் உறைந்த குருதி அடைத்துக்கொண்டதென்றும், வலக்கையும் வலக்காலும் மொழியும் தடைப்பட்டது அதனாலென்றும் மருத்துவர் கூறினர். அவ்வடைப்பைக் கரைக்கும் மருந்து உண்டு. ஆயினும் குறி தோன்றிய நாலரை மணிப்பொழுதுக்குள் செலுத்தப்படல் வேண்டுமாம். எமக்கு அப்பொழுது கடந்துவிட்டது. சமயப் பத்திரிகையில் இதனை ஏன் உரைக்கின்றாய் என்பார்க்கு விடை இது: முகம் ஒருபுறம் கோணுதல், ஒருகை தளர்தல், சொற் குழறுதல் என்னும் இவற்றுள் ஒன்று தோன்றினும் ஒத்தடமும் கஷாயமும் நாடாது அக்கணமே மருத்துவமனை செல்லுக. சரீரம் சிவபூசைக்கு வாய்த்த கருவியென்று நாள்தோறும் பேசும் நாம் அக்கருவியைக் காக்கும் வழியையும் அறிந்திருத்தல் கடன்.

உயிர் தங்கிற்று. காலும் ஓரளவு மீண்டது. சொல்லோ மீளவில்லை. கருத்து உள்ளே தெளிவாக நிற்கும். அதற்குரிய சொல் வாராது. நீர் வேண்டும் என்னும் எண்ணம் எழும். நாவோ 'பாய்' என்னும், அல்லது 'நாளை' என்னும். நாற்பதாண்டு தமிழ் கற்பித்தவன் சிறுமகார்போல் ஒவ்வொரு பொருளையும் சுட்டிக் காட்டினேன். என்னைக் காண வந்த மாணாக்கர் முன் அழுதேன் என்பதை மறைப்பதனாற் பயனில்லை.

சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் ஆன்மா உடலின் வேறென நிறுவுமிடத்து, ஒருவன் எனது கை, எனது கால் என உடைமையாகக் கூறுதலின், அவ்வாறு கூறுவோன் கைகால்களின் வேறாவான் என்னும் நியாயம் வரும். அதனைப் பன்முறை பாடஞ் சொல்லியிருக்கின்றேன். சொல்லும்போதெல்லாம் வலக்கையை உயர்த்திக் காட்டுவது வழக்கம். மருத்துவமனைப் படுக்கையில் அக்கை போர்வையின்மேற் கிடந்தது. அதனை நோக்கினேன், அஃது என்னை நோக்காதது போலக் கிடந்தது. 'எனது கை' என்று சொல்லவும் நாவில்லை. கை என்னும் பெயரே அகப்படவில்லை. அப்பொழுது ஒன்று தோன்றிற்று. கை இயங்கவில்லை, பெயரும் வரவில்லை. ஆயினும் பெயர் வரவில்லையென அறிந்து அதனைத் தேடிக்கொண்டிருப்பது யாது? தேடப்படும் சொல் இல்லாதபோதும் தேடுவோன் உளன். சூத்திரத்தின் பொருளை அன்றுதான் கற்றேன் என்று சொல்லேன். பாடஞ் சொல்லியபோது அதனைக் கற்றிருக்கவில்லை என்று மட்டும் அறிந்தேன்.

இவ்வாறிருக்க, கற்றறிந்த அன்பர் ஒருவர் காண வந்தார். படுக்கையருகே அமர்ந்து, "பிராரத்தம், நுகர்ந்தே கழித்தல் வேண்டும்" என்றார். சாத்திரத்துக்கு மாறான சொல்லன்று. ஆயினும் அச்சொல் நெஞ்சிற் றைத்தது. விடைசொல்ல நாவில்லாமை ஒருவகையில் நன்று. இருந்திருப்பின் யாது சொல்லியிருப்பேனோ! அவர் சென்றபின் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் அவரல்லர். ஏறத்தாழ இருபதாண்டுகளின் முன்னர் என் மாணாக்கன் ஒருவன் தீராநோயிற் கிடந்தான். அவன் அன்னை என் வீட்டுத் திண்ணையில் வந்திருந்து, "ஐயா, என் பிள்ளை யாருக்கு என்ன தீங்கு செய்தான்?" என்று வினவினாள். யான் அவளுக்குச் சஞ்சிதமென்றும் பிராரத்தமென்றும் ஆகாமியமென்றும் மூவகை வினையையும் இலக்கணம் பிழையாது விரித்துரைத்தேன். அவள் கேட்டிருந்து, கும்பிட்டு, எழுந்து போனாள். அப்பிள்ளையைக் காண யான் ஒருமுறையே சென்றேன். அவள் வினவியது வினா அன்று என்பது இப்பொழுதன்றோ விளங்குகின்றது!

வினைக்கொள்கை பொய்யென்று கூறேன். அது சித்தாந்தத்தின் உயிர்நிலைகளுள் ஒன்று. ஆயின் அஃது ஒருவன் தன் நெஞ்சை நோக்கித் தானே சொல்லிக்கொள்ளத் தக்கது. பிறன் படுக்கையருகே நின்று சொல்லத் தக்கதன்று. தன்னை நோக்கிச் சொல்லுங்கால் அது பணிவைப் பயக்கும். பிறனை நோக்கிச் சொல்லுங்கால் சொல்வோனுக்குச் செருக்கையும் கேட்போனுக்குத் தனிமையையும் பயக்கும். மேலும், உடலூழாய் வந்த நோயை நுகர்தலாற் கழிவது பிராரத்தம். அந்நுகர்ச்சியின்கண் 'யான், எனது' என்னும் முனைப்பால் ஏறுவது ஆகாமியம். நோயாளியின் பிராரத்தத்தை எண்ணி உரைக்கச் சென்றவன் தன் ஆகாமியத்தைப் பெருக்கிக்கொண்டு மீள்கின்றான். யான் அங்ஙனம் மீண்டவன்.

இதற்கு எம்பெருமக்கள் காட்டிய வழி யாதென்று படுக்கையிற் கிடந்தபடியே எண்ணினேன். திருஞானசம்பந்த சுவாமிகள் கொங்குநாட்டில் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்துப் பனிக்காலம் வந்தது. உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. அவ்விடம் இந்நாளில் திருச்செங்கோடு என வழங்கும் ஊராகும். அடியார்கள் சென்று முறையிட்டனர். சுவாமிகள் அவர்களுள் எவரையும் நோக்கி நீவிர் முற்பிறப்பில் இன்னது செய்தீர் என்றிலர். திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் திருப்பதிகம் அருளினார், சுரம் நீங்கிற்று. அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே, செய்த வினைக்கு ஈதே பயனென்று அறிந்தும் அதினின்று உய்யும் வழியை நாடாது வாளாவிருத்தல் குறையேயாம் என்னுங் கருத்தை அடியார்க்கு அறிவுறுத்துகின்றார். இஃது எத்துணைப் பெரிய தெளிவு! வினையுண்டு என்பதும் மெய். அதனைச் சொல்லிக்கொண்டு கைகட்டியிருத்தல் தவறு என்பதும் மெய். நோய் வினைவழி வருவதாயின், மருந்தும், மருந்தறிந்தோனும், மருந்து ஊட்டும் கையும் இறைவன் கூட்டியனவேயன்றோ?

இனி, மீட்சியின் தொடக்கத்தைக் கூறுவேன். வீடு திரும்பிய சின்னாட்குப்பின் ஒருமாலையில் என் பேர்த்தி விளக்கேற்றி, நாவரசர் முதன்முதல் அருளிய கூற்றாயினவாறு என்னும் பதிகத்தைக் கொல்லிப்பண்ணிற் பாடினாள். சிறுமியாயிருந்தபோது அவளுக்கு அதனைக் கற்பித்தவன் யான். அவள் பாட, என் வாய் தானே அசைந்தது. இரண்டாம் அடியில் ஓசை கூடிற்று. மூன்றாம் அடியிற் சொல் வந்தது. ஒருகுவளை நீர் கேட்க இயலாத நாவு ஒரு பாட்டை முழுதும் பாடிற்று! மனையாள் அடுக்களையினின்று ஓடிவந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள். பாட்டு முடிந்தபின் அவளை நோக்கி ஏதோ சொல்ல முயன்றேன், பழையபடி குழறிற்று.

யாம் இதனைத் திருவருளின் அற்புதமெனக் கொண்டாடினோம். மறுமுறை மருத்துவரிடம் சென்றபோது பேர்த்தி இதனை ஆர்வத்தோடு உரைத்தாள். அம்மருத்துவர் இளம் பெண்மணி. புன்முறுவலோடு, "ஐயாவைப் போன்றவர்கள் பலர் இப்படிப் பாடுவதுண்டு" என்றார். பேசுதற்குரிய இடம் பெரும்பாலோர்க்கு மூளையின் இடப்பாகத்தில் உளதென்றும், இசையோடு பாடுதற்கு வலப்பாகமும் துணைசெய்வதென்றும், நெடுங்காலம் மனப்பாடமாய் இருந்தவை பேச்சு அழிந்தபோதும் எஞ்சுவதுண்டென்றும் விளக்கினார். வண்டியில் வீடு திரும்பும்போது என் மனம் சோர்ந்தது. அருளென்று எண்ணியது மூளையின் ஒருபாகத்து வேலையாய் முடிந்ததே, அன்பாற் பாடினேனா, பழக்கத்தாற் பாடினேனா என்று சிலநாள் உழன்றேன்.

பின்னர் ஒருநாள் தெளிந்தது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் மாயையினின்று தோற்றுவித்து உயிர்க்கு உதவுவது இறைவன் கருணை என்பதன்றோ நம் கொள்கை? பொழுது புலருமளவும் இருளில் உதவும் விளக்குப் போல்வது மாயை என்பர் சாத்திரமுடையார். விளக்கின் திரி இன்ன பஞ்சால் ஆயது, நெய் இன்ன வித்தின் நெய் என்று ஒருவர் உரைத்தால், விளக்கு ஏற்றியவர் இலர் என்பது பெறப்படுமோ? ஒருபாகம் பழுதுறினும் மற்றொருபாகத்திற் பாட்டு எஞ்சுமாறு இக்கருவி அமைந்திருத்தலே வியப்பு. மருத்துவப் பெண்மணி அருளை மறுக்கவில்லை. அதன் திரியைக் காட்டினார். பழக்கம் என்பதும் இழிந்ததன்று. ஐம்பதாண்டுக்கு முன்னர் என் ஆசிரியர் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்பதிகத்தை உருவேற்றினார். அன்று அதனை வெறுத்தேன். எனக்கு நாவற்றுப்போகும் நாளைக்கு அவர் சேர்த்துவைத்த வைப்பு அது.

பாட்டு எஞ்சியது, விரிவுரை ஒழிந்தது. இதில் எனக்கொரு தண்டமும் இருந்தது. பாடுவோரைவிடப் பொருள்விரிப்போர் ஒருபடி மேலென்று உள்ளூர எண்ணியிருந்தவன் யான்.

பிசியோதெரபி பயிற்றும் இளைஞர் ஒருவர் வாரத்தில் மூன்றுநாள் வருவார். கூடத்துச் சுவரோரமாகக் கயிறொன்றை இழுத்துக் கட்டி, அதனைப் பற்றிக்கொண்டு நடக்கச் செய்தார். முதனாள் தண்டியடிகள் நினைவுக்கு வந்தார். திருவாரூர்த் திருக்குளத்தின் இருபுறமும் கோல் நாட்டிக் கயிறு கட்டி, பிறவியிலேயே கண்காணாத அப்பெரியார் அக்கயிற்றைத் தடவித் தடவிச் சென்று மண்ணைக் கல்லிச் சுமந்தார். அக்கயிற்றை யான் மேடைகளில் ஒரு சொல்லாற் கடந்திருக்கின்றேன். கைப்பிடியில் வந்தபின்னரே அதன் நீளம் தெரிந்தது.

அவ்விளைஞரிடம் ஒருநாள் சினந்தேன். நீர்க்குவளை என் வலப்பக்கத்தில் ஒருசாண் தொலைவில் இருந்தது. எடுத்துத் தருமாறு கண்ணாற் காட்டினேன். அவர் தந்திலர். "ஐயா, நீங்களே எடுங்கள், எத்தனை நேரமானாலும் ஆகட்டும்" என்று கூறிக் கைகட்டி நின்றார். செய்தசெய்து பழகுந்தோறும் மூளையின் நல்லபாகங்கள் பழுதுற்ற பாகத்தின் தொழிலை ஏற்கக் கற்குமாம். பிறர் எடுத்துத் தரின் அக்கல்வி தடைப்படுமாம். குவளையை எடுக்க நெடும்பொழுது சென்றது. பாதி நீர் மடியிற் சிந்திற்று. எஞ்சிய பாதியைக் குடித்தேன்.

விரல் ஒருநாள் மடங்கும், மறுநாள் மடங்காது. மடங்கியநாள் வீடெல்லாம் களிப்பு. மடங்காதநாள் யார்மேலும் எரிச்சல். இருவினையொப்பு என்னும் சொல்லை எத்துணைக் கட்டுரைகளில் எழுதியிருப்பேன்! வருவதை ஒப்ப நோக்கும் அந்நிலையின் புறமதிலையும் தொட்டிலேன் என்பதை ஒரு சிறுவிரல் எனக்குக் காட்டியது. சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு இழந்த பார்வை ஒருங்கே மீண்டதில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. திருவாரூர் சென்றபின்னரே வலக்கண். இடையில் அவர் வருந்தினார், வேண்டினார், இறைவனோடு வாதாடவுஞ் செய்தார். தம்பிரான் தோழர்க்கே மீட்சி தவணை தவணையாக வந்ததெனின், எனக்கு ஏது விரைவு?

இந்நாட்களில் எனக்குப் படிப்பும் மெதுவாயிற்று. எழுத்தைக் கண்டால் ஒலி உடனே தோன்றாது. பெரிய புராணத்தில் நாளொன்றுக்கு ஒருபாட்டு. சிலநாள் அதிற் பாதி. இளமையில் ஓர் இரவில் ஒரு சருக்கத்தைப் படித்து முடித்தவனுக்கு இது சிறையென்று தோன்றியது. ஆயினும் மெல்ல நடப்பவனுக்கன்றோ வழியோரத்துச் செடி தெரியும்? விரைவிற் கண்ணுக்குத் தப்பியவர்கள் ஒவ்வொருவராய் வந்து நின்றனர். அவருள் ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லுதல் வேண்டும்.

மருணீக்கியார் தருமசேனர் என்னும் பெயரோடு பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளியில் தலைமை பெற்றிருந்தபோது சூலைநோய் பற்றியது. அங்கிருந்தோர் தாம் அறிந்த மந்திரங்களையெல்லாம் முயன்றனர்; பயன்படவில்லை. கைவிட்டனர். அப்பொழுது அவர் தமக்கையாரிடம் செய்தி சொல்லியனுப்பினார். யாரை அனுப்பினார்? தமக்கு உணவு சமைப்பவனை. சேக்கிழார் சுவாமிகள் அவன் பெயரையும் கூறாது உண்டியமைப்பான் என்ற அளவிற் குறிக்கின்றார். மாணாக்கரும் வாதத்திற் றுணைநின்றோரும் நிறைந்த பள்ளியில், நோயுற்றபோது நம்பிச் செய்தி சொல்லக் கிடைத்தவன் அடுக்களையில் நின்ற ஒருவன்! பிறரறியாதபடி திருவதிகைக்குச் சென்று, நந்தவனத்தின் புறத்தே திலகவதியாரைக் கண்டு உரைத்து, அவர் வாரேன் என்ற சொல்லைச் சுமந்துகொண்டு மீண்டான். முப்பதாண்டு இப்புராணம் பேசிய யான் இவனைப்பற்றி ஒருநாளும் ஒரு வாக்கியம் பேசியதில்லை. மிளகும் உப்பும் அளவறிந்து கஞ்சி வடித்து, என் வாய்க்கடையில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனையாளின் கையைப் பார்த்தபொழுதுதான் அவன் கண்ணிற்பட்டான்.

திலகவதியார் ஏன் வந்திலர்? சமணப்பள்ளியில் அடிவையேன் என்னும் சைவ உறைப்பு என்று முன்பு விளக்குவேன். அது பாட்டின் நேர்ப்பொருளேயாம், தவறன்று. கைகட்டி நின்ற இளைஞரைக் கண்டபின் அதனோடு மற்றொன்றும் தோன்றுகின்றது. அவ்வம்மையார் வந்திருப்பின் தம்பி படுக்கையிற் கிடந்தே இருப்பார். வாராமையால் அவர் எழுந்தார். பாடலிபுத்திரமென்பது இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்பர். ஆங்குநின்று கெடிலக்கரையில் உள்ள திருவதிகைக்கு இன்றைய சாலைவழி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். குடல் முறுக்கும் நோயோடு, வெண்டுகில் போர்த்து, இரவிருளில், கைகொடுப்பாரை ஊன்றிக்கொண்டு அவர் வந்தார். வாதில் எவரையும் சாராது நின்ற தருமசேனர்க்கு அன்று ஊன்றுதற்குப் பிறர்கை வேண்டியிருந்தது.

உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையாய் நிற்கும் என்பது நம் சாத்திரம். பக்கத்துள்ள பொருளின் நிறத்தைக் காட்டும் படிகத்தை உவமை கூறுவர். நலமாயிருந்த காலத்து யான் எதனையும் சாரவில்லை என்றே எண்ணியிருந்தேன். உண்மையில் என் நாவன்மையைச் சார்ந்திருந்தேன். அவையோர் கைத்தட்டலைச் சார்ந்திருந்தேன். அச்சார்பு முறிந்தபின் உடல்நோவைச் சார்ந்தேன். நோவே யானாய்க் கிடந்தேன். நோய் தானாக ஒருவனை இறைவன்பாற் கொண்டுசேர்க்கும் என்று எவரேனும் கூறின் நம்பற்க. கசப்பிலும் தன்னிரக்கத்திலும் கொண்டு தள்ளுதலும் அதற்கு ஆகும். யான் இரண்டிலும் கிடந்து எழுந்தவன். நோய் செய்வது பழஞ் சார்பை முறித்தல் ஒன்றே. மீளும் காலத்து, மெல்ல நடக்கையில், அடுத்து எதனை ஊன்றுவது என்னும் வினா ஒவ்வோர் அடியிலும் எழும். விரைந்து நடந்த காலத்தில் அவ்வினா எழுந்ததேயில்லை.

இறைவன் சூலை தந்து ஆட்கொள்வோம் எனத் திலகவதியார்க்குக் கனவில் உரைத்தருளினான். அதனை அவர் அறிவார். நோயுற்ற தம்பி அறியார். செய்தி கொணர்ந்தவனிடம் 'இஃது அருள்' என்று அவர் சொல்லி அனுப்பவில்லை. தம்பி வந்து அடிவீழ்ந்து துயர் சொன்னபோது முதலில் எழுக என்றார். பின்னரே அருளென்னும் சொல்லை எடுத்தார். சொல்லியதோடு நின்றாரும் அல்லர்: திருநீறு தந்தார், அவர் மேனியெங்கும் அணிந்துகொண்டார், திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் கொண்டு திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் தம்பியை உடனழைத்துத் திருக்கோயில் புகுந்தார். என் திண்ணையில் வந்திருந்த அந்த அன்னைக்கு யான் செய்திருக்கக் கூடியது இதுதானே! அவளோடு எழுந்து அவள் வீட்டுக்கு நடந்திருக்கலாம்.

தீக்கை பெற்றோர்க்கு நோய்க்காலத்து அநுட்டானம் பெருங்கவலை. நீராட இயலாதார்க்கு விபூதியே நீராட்டாகும். ஆக்கினேய ஸ்நானம் என அதற்குப் பெயரும் விதியும் உண்டு. என் வலக்கை எழாமையின் மனையாளே காலையில் நீறு பூசிவிட்டாள். நாற்பத்தைந்தாண்டு இல்வாழ்க்கையில் அவள் என் நெற்றியைத் தொட்டது அப்பொழுதுதான் என்று நினைக்கின்றேன். பூசை சுருங்கிற்று. ஒருமலர் சாத்தி, ஒருபாட்டுப் பாடி, விழிமூடியிருப்பேன். குறைந்ததென்று எனக்குத் தோன்றவில்லை; தோன்றாதது சரியா தவறா என்று என் குருமரபினரைக் கேட்கவும் எண்ணியிருக்கின்றேன்.

சூலை நீங்கியபின் நாவரசர் கையிற் கொண்டது உழவாரம். இதனை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. வாதிற் பிறரை வென்ற நாவுடையார், நாவுக்கரசு என இறைவனாலேயே பெயர் பெற்றார், ஊர்தோறும் கோயிற்றிருவீதியிற் குந்தியிருந்து புல்லைச் செதுக்கினார். பாட்டு வேறு, புற்செதுக்கல் வேறு என்று அவர் இருந்திலர். சரியை தொடக்கத்தாருக்கு, ஞானம் முதிர்ந்தார்க்கு என்று யான் பிரித்துவைத்த அறைகள் அவர் முன் நிற்கவில்லை.

முதுமையில் அவர் கயிலைக்குப் புறப்பட்டதையும் ஈண்டு நினைக்கவேண்டும். கால் தேய்ந்தபின் கையால் தாவினார். கை தேய்ந்தபின் மார்பால் உந்தினார். அதுவும் மாட்டாமற் புரண்டார். போய்ச் சேர்ந்தாரோ எனின் இல்லை. மீள்க என்றான் இறைவன். அங்கிருந்த பொய்கையில் மூழ்கியவர் திருவையாற்றுத் திருக்குளத்தில் எழுந்தார். களிறும் பிடியும், சேவலும் பெடையும் இணைந்து வரக்கண்டு, அவற்றையே சிவமும் சத்தியுமாகக் கண்டு பாடினார். அவர் நாடோறும் கண்டிருக்கக்கூடிய உயிர்கள் அவை.

"பழையபடி ஆவேனா?" என்று மருத்துவப் பெண்மணியை வினவினேன். இவ்வினாவைத் தடையின்றிச் சொல்ல எனக்கு எட்டுமாதம் ஆயிற்று. "உறுதி சொல்ல இயலாது, ஐயா, நாளும் பயிலுங்கள்" என்றார். பொய் கூறாமைக்கு அவரை வணங்குகின்றேன்.

விரற்பயிற்சிக்கென்று பஞ்சுப்பந்தொன்று தந்திருந்தனர். அதனை விடுத்து நார்கொண்டு பூத்தொடுக்கத் தொடங்கினேன். முதனாள் ஒருமணிப்பொழுதில் நான்கு பூ. அவற்றுள்ளும் இரண்டு கழன்று வீழ்ந்தன. இப்பொழுது ஒருமுழச்சரம் கட்டுகின்றேன், நெருக்கமாய் இல்லை. அதனை எடுத்துக்கொண்டு வாரத்தில் ஒருநாள் பேர்த்தியோடு திருவதிகை வீரட்டானம் செல்வது வழக்கமாயிற்று. உழவாரம் பிடிக்கும் வலிமை வலக்கைக்கு இன்னும் வரவில்லை. ஆதலிற் பிராகாரத்து ஓரத்தில் ஒரு மணையிட்டு அமர்ந்து இடக்கையாற் பிடுங்குகின்றேன். கோரையும் நெருஞ்சியும் மிகுதி. நெருஞ்சிமுள் வலக்கை விரலிற் குத்தியபோது சுரீரென்றது. ஒன்பது மாதத்தில் அவ்விரல் வலியை அறிந்தது அதுவே முதன்முறை. பேர்த்தியைக் கூவி அழைத்தேன். பதறி ஓடிவந்தவளிடம் குருதித்துளியைக் காட்டிச் சிரித்தேன்.

அன்று ஒருமணிப்பொழுதில் ஒருமுழ அகலம் துலங்கிற்று. மறுவாரம் சென்றபோது மழை பெய்திருந்தமையால் அவ்விடத்தே புல் மீண்டும் பசுமையாய் முளைத்திருந்தது. பேர்த்தி மணையை இட்டாள். அமர்ந்து, முன்தொடங்கிய மூலையிலிருந்தே தொடங்கினேன்.

திருச்சிற்றம்பலம்.